கூண்டின் அடித்தட்டில் என்ன விரிப்பது?

கூண்டுப் பறவைக்கு என்ன தீனி வாங்குவது, என்ன பெயர் வைப்பது என்றெல்லாம் யோசிக்கும் நாம், அதன் கூண்டின் அடித்தட்டில் எதை விரிப்பது என்று யோசிப்பதில்லை. கையில் கிடைத்ததைப் போட்டு விடுகிறோம். நானும் அப்படித்தான் போட்டேன். அதில் ஒரு பறவை போய்விட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை. இது ஒரு விஷயமா என்று அன்பர்கள் சிரிக்காமல் கொஞ்சம் பொறுத்துப் படிக்க வேண்டும்.

செம்பூரில் என் மகன் வீட்டில் பேத்திக்காக ஒரு ஜோடி வாங்கினோம், நீலம் ஒன்று, பச்சை ஒன்று. நம்மவர்கள் இவற்றை 'லவ் பேர்ட்ஸ்' என்பார்கள். உண்மையில் இவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜெரிகர். லவ் பேர்ட் என்ற பெயருக்கு உரியது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வேறொரு பறவை. பெயர் எப்படியிருந்தாலும், வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் குறுக்கே நிற்காத பறவைகள் இவை. நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தாராவியிலும் செம்பூரிலும் இன்னும் சில வாசல்களில் பச்சைக்கிளிக் கூண்டு தொங்குவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கூண்டு விரிப்பைப் பற்றியதல்ல.

எங்கள் கூண்டின் அடித்தட்டு ஜி.ஐ. தகடு. அதில் பேப்பர் விரித்துத் தினமும் மாற்றிக் கொண்டிருந்தாள் மருமகள். அதைப் பார்த்த நான்தான் புத்திசாலித்தனமாக ஒரு யோசனை சொன்னேன். தெருக்கோடியில் ஒரு தச்சுப் பட்டறை இருக்கிறது. மரத்தூள் சும்மா கிடைக்கும். இரண்டு அங்குலம் பரப்பி விட்டால் ஈரத்தை உறிஞ்சிக் கொள்ளும், வாரம் ஒரு முறை மாற்றினால் போதும் என்றேன். மருமகளுக்கு வேலை மிச்சம், செலவும் இல்லை. ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த மாமனார் சொன்னால் மறுத்துப் பேசுவார்களா?

மே மாதம் முழுதும் ஒரு குறையும் இல்லை. ஜூனில் மழை பிடித்தது. இந்த ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை 2000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் கசியும். மரத்தூள் மட்டும் எப்படிக் காயும்? ஜூலைக் கடைசியில் நீலப்பறவை சிறகைப் பூரித்துக் கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தது. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது. இரண்டாம் நாள் மருத்துவரிடம் எடுத்துப் போகக் கிளம்புவதற்குள் முடிந்து விட்டது.

அடித்தட்டை வெளியே இழுத்துப் பார்த்தேன். மேலே தூள் உலர்ந்து சுத்தமாகத்தான் தெரிந்தது. கையால் கிளறினால் உள்ளே கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சைக் காளான். மூக்கைப் பிடிக்கும் நெடி. அதற்கும் கீழே, தகட்டின் மேல் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைப் பொடி.

அதுதான் பறவையைக் கொன்றது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அறுத்துப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்றுதான் மருத்துவரும் சொன்னார். ஆனால் அந்தத் தட்டைப் பார்த்த பிறகு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

என் வெட்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் வேலை பார்த்தது மாட்டுங்கா கேரேஜ் பணிமனையில். அங்கே பல ஆண்டுகள் என் கையில் இருந்த வேலை, பெரம்பூர் ஐ.சி.எஃப். மாதிரிப் பெட்டிகளில் துருப்பிடித்த அடிப்பாகத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பது. அந்தப் பெட்டிகளின் தரை எப்படி என்றால், கீழே எஃகு அலைத்தகடு, அதன் மேல் மரப்பலகை, அதற்கும் மேலே பி.வி.சி. விரிப்பு. பயணிகள் கண்ணுக்கு விரிப்பு பளபளவென்று இருக்கும். ஆனால் கழிவறைப் பக்கமும் வாசற்படிப் பக்கமும் சிந்திய தண்ணீர் ஓரத்தில் இறங்கிப் பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே தங்கி விடும். அது காய வழியில்லை. மேலே ஒன்றும் தெரியாது. விரிப்பைக் கிழித்துச் சுத்தியலால் தட்டினால் தகடு பொலபொலவென்று உதிரும். திறந்த வெளியில் மழையில் நனைந்து வெயிலில் காயும் இரும்பு இதைவிடப் பல வருஷம் அதிகமாக உழைக்கும். ஈரத்தை மூடி வைக்காதே என்று எத்தனையோ பயிற்சிப் பையன்களுக்குப் பாடம் எடுத்தவன், தன் வீட்டுக் கூண்டில் இரண்டு அங்குல மரத்தூளால் ஈரத்தை மூடி வைத்தேன்.

அந்த வெள்ளைப் பொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜி.ஐ. தகடு என்பது இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது. காற்றுப் படாத ஈரத்தில் அந்தப் பூச்சு வெள்ளையாகப் பொரிந்து உதிரும். பட்டறையில் இதை வெள்ளைத் துரு என்போம். பறவைக்குத் துத்தநாகம் விஷம். முப்பத்தைந்து கிராம் எடையுள்ள உயிருக்கு எவ்வளவு சிறிய அளவு போதும் என்று யோசித்துப் பாருங்கள். புதிதாக வாங்கிய ஜி.ஐ. கூண்டைக் கூட வினிகர் தொட்ட பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் பறவையை விட வேண்டும். உதிரிப் பூச்சு அப்போதே போய்விடும்.

பறவையின் சுவாசம் நம்முடையதைப் போன்றதல்ல. நுரையீரலோடு சேர்த்து உடம்புக்குள் ஒன்பது காற்றுப் பைகள். காற்று உள்ளே ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். பறப்பதற்கு வேண்டிய பிராணவாயுவைக் கறந்து எடுப்பதற்காக இப்படி அமைந்திருக்கிறது. அதே காரணத்தால் காற்றில் இருக்கும் கெடுதலையும் நம்மைவிட வேகமாகக் கறந்து எடுத்துக் கொள்ளும். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விஷவாயுவைக் கண்டுபிடிக்கக் கானரிப் பறவையைக் கூண்டோடு எடுத்துப் போனார்களே, 1986 வரைக்கும், அது இதனால்தான். நான்-ஸ்டிக் தோசைக்கல்லை வெறுமனே அடுப்பில் காய விட்டு மறந்தால் வரும் புகை நமக்குத் தெரியக் கூடத் தெரியாது; பக்கத்து அறைப் பறவை செத்து விழும். பூஞ்சையும் அப்படியே. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை ஈரமான மரத்தூளிலும் தானியத்திலும் வளரும். அதன் துகள் காற்றுப் பையில் போய்த் தங்கினால் மருந்து கொடுத்து மீட்பது கஷ்டம்.

போதாததற்கு மரத்தூளுக்கென்று தனிக் கோளாறு ஒன்று இருக்கிறது. இன்றைய தச்சுப் பட்டறையில் அறுபடுவது பெரும்பாலும் பிளைவுட்டும் எம்.டி.எஃப். பலகையும்தான். அந்தத் தூளில் பசையும் கலந்திருக்கும். ஃபார்மால்டிஹைடு கலந்த பிசின். தேவதாரு போன்ற வாசனை மரங்களின் சீவலும் ஆகாது. நமக்கு வாசனையாக இருக்கும் எண்ணெய் பறவையின் மூச்சுக்குழலை அரிக்கும்.

இப்போது கடைகளில் பை பையாக விற்பது மக்காச்சோளக் கட்டையை நொறுக்கிய குருணை. பார்க்க அழகாக இருக்கும். நனைந்தால் மரத்தூளைவிடச் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பசியெடுத்த பறவை தீனி என்று நினைத்துக் கொத்தி விழுங்கினால் குடலில் அடைத்துக் கொள்ளும். பூனைக்கு விற்கும் களிமண் குருணை இன்னும் மோசம், ஈரம் பட்டால் வயிற்றுக்குள்ளேயே கட்டியாகி விடும். மணலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கனம், தூசி, கழுவிக் காய வைக்க இந்த ஊரில் மொட்டை மாடி யாருக்கு இருக்கிறது?

இங்கே ஒரு நண்பர் குறுக்கே கேட்டார். "எங்கள் பல்லடம் பக்கம் கோழிப் பண்ணைகளில் தென்னை நார்க்கழிவைத்தானே தரை முழுவதும் போடுகிறார்கள்? ஆயிரக்கணக்கான கோழி அதிலேயே வளரவில்லையா?" நியாயமான கேள்வி. நானும் ஊருக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். நார்க்கழிவு, உமி, கடலைத்தோல் என்று எது மலிவோ அது. ஆனால் அந்தக் கொட்டகைக்குப் பக்கச் சுவர் இடுப்பளவுகூட இல்லை, மேலே வலைதான். கொங்கு நாட்டுக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போகும். ஆட்கள் அடிக்கடி கிளறி விடுவார்கள். ஈரம் மிஞ்சினால் சுண்ணாம்பு தூவுவார்கள். அப்படியும் அமோனியா நெடி வராமல் பார்த்துக் கொள்வது அவர்களுக்குத் தினசரிப் பாடு. எல்லாவற்றுக்கும் மேலே, கறிக்கோழி அந்தத் தரையில் இருப்பது ஐந்தாறு வாரம். அதற்கு அப்புறம் அதன் நுரையீரலைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. நம் வீட்டுப் பறவை நல்லபடி வைத்தால் ஏழெட்டு வருஷம் இருக்கும். இருக்கும் இடமோ ஜன்னல் ஒன்றே உள்ள அறை.

இந்தப் பொருள்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தால் விற்பவர் சொல்லும் பெருமை ஒன்றே: அடிக்கடி மாற்ற வேண்டாம். என் ஆட்சேபணையும் அதே இடத்தில்தான். விரிப்பின் வேலை அசுத்தத்தை ஒளித்து வைப்பதென்று நாம் எண்ணிக் கொண்டு விட்டோம். அசுத்தத்தை ஒளித்து வைக்கும் விரிப்பு பறவையின் நோயையும் சேர்த்து ஒளித்து வைக்கிறது. மருமகள் விரித்து வந்த பழைய பேப்பர் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. அதைக் குறை என்று நினைத்தவன் நான். அதுதான் அதன் குணம்.

கூண்டுப் பறவை நோயை வெளியே காட்டாது. காட்டில் சோர்ந்து தெரியும் பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும். அந்தப் பயம் கூண்டிலும் போகவில்லை. சிறகைப் பூரித்து நாம் பார்க்கும்படி உட்கார்ந்து விட்டால் ஏற்கெனவே காலம் கடந்து விட்டது என்று அர்த்தம். அதற்கு முன்னால் தகவல் கிடைக்கும் இடம் அந்தக் காகிதம் ஒன்றுதான். பட்ஜெரிகர் ஒரு நாளைக்கு 30 முதல் 50 முறை எச்சமிடும். நல்ல எச்சத்தில் மூன்று பகுதி இருக்கும். பச்சையோ பழுப்போ ஆன கெட்டி, அதன் மேல் வெள்ளை, சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர். எண்ணிக்கை திடீரென்று பாதியானால் பறவை தின்னவில்லை. கிண்ணத்தில் மிதக்கும் வெறும் உமியைப் பார்த்து, தீனி இருக்கிறதே என்று நாம் ஏமாறுவோம், காகிதம் ஏமாற்றாது. வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரலைச் சந்தேகப்பட வேண்டும். முழுத் தானியம் செரிக்காமல் வந்தால், சிவப்போ தார் போன்ற கறுப்போ தெரிந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனை இருக்கிறது. வெள்ளரிக்காய் கொடுத்த அன்று தண்ணீர் கூடினால் பயப்பட ஒன்றுமில்லை. இதற்கெல்லாம் படிப்பு வேண்டாம். பத்து நாள் தொடர்ந்து பார்த்தால் உங்கள் பறவையின் வழக்கம் உங்களுக்கே பிடிபட்டு விடும். மரத்தூளில் இதில் ஒன்றையாவது பார்க்க முடியுமா? எங்கள் நீலப்பறவை எத்தனை நாள் தின்னாமல் இருந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அச்சு மை விஷமாயிற்றே என்று சிலர் கேட்கிறார்கள். உணவைப் பேப்பரில் பொட்டலம் கட்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்தது. 2018-ஆம் ஆண்டு விதிமுறையில் தடையே வந்து விட்டது. அதை நான் மறுக்கவில்லை. எண்ணெய்ப் பலகாரம் மையை உறிஞ்சும், நாம் அதைத் தின்போம். கூண்டின் கதை வேறு. தட்டுக்கு மேலே கம்பி வலை இருந்தால் பறவை காகிதத்தைத் தொடாது. தீனியைக் காகிதத்தின் மேல் தூவாமல் கிண்ணத்தில் வைத்தால் போதும். கம்பி வலை இல்லாத கூண்டு என்றால், பெட்டைப் பறவை காகிதத்தைக் கிழித்துக் குதறும். அங்கே அச்சடிக்காத வெள்ளைத் தாள் போடுங்கள். செய்தித்தாள் உருளையின் மிச்சம் பழைய காகிதக் கடையில் கேட்டால் கிடைக்கலாம். வழவழப்பான வண்ண இணைப்புகள் வேண்டாம். அவை ஈரத்தை உறிஞ்சாது, பறவைக்கும் வழுக்கும்.

இதைவிடப் பெரிய ஆட்சேபணை என் வீட்டிலேயே கிளம்பியது. எழுத்து இருக்கும் காகிதம் சரஸ்வதி, கால் பட்டால் கண்ணில் ஒற்றிக் கொள்கிறோம், அதில் பறவை எச்சமிடுவதா என்றாள் என் மனைவி. இதற்கு எந்தப் பொறியியல் புத்தகத்திலும் பதில் கிடையாது. போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமைப் பேப்பரில் அம்மன் படம், கும்பாபிஷேகச் செய்தி, நாலாம் பக்கத்தில் யாரோ ஒருவருடைய நினைவஞ்சலி. நானும் யோசித்தேன். ஒரு சமாதானம் செய்து கொண்டோம். அவள் பக்கம் பக்கமாகப் பிரித்து வைப்பாள். பங்குச் சந்தை விலைப் பட்டியலும் டெண்டர் விளம்பரங்களும் கூண்டுக்கு.

செலவுக் கணக்கும் பார்த்து விடலாம். ஒரு பக்க அளவுத் தாள் எட்டு கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று தாள், தினமும் மாற்றினால் மாதத்துக்கு முக்கால் கிலோ. ரத்திக்காரருக்குப் போட்டிருந்தால் கிலோவுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் கிடைத்திருக்கும். ஆக மாதச் செலவு பத்து ரூபாய். மழைக்காலத்தில் காலையும் மாலையும் மாற்றுங்கள், இருபது ரூபாய். குருணைப் பைக்குச் சில நூறு கொடுப்பவர்கள் இதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இதுவரை பறவையைப் பற்றிப் பேசினேன். அதே அறையில் தூங்கும் மனிதர்களையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். காய்ந்த எச்சம் தூசியாகிக் காற்றில் கலந்தால், அதைச் சுவாசிப்பவருக்குக் கிளிக் காய்ச்சல் என்ற ஒரு வகை நிமோனியா வரலாம். 1929-30-ல் தென்னமெரிக்காவிலிருந்து கப்பலில் போன கிளிகளால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பரவிப் பலர் இறந்தார்கள். இன்னொன்று, கிருமியே இல்லாமல், அந்தத் தூசி ஒவ்வாமல் நுரையீரல் மெல்ல மெல்ல இறுகிப் போவது. புறா வளர்ப்பவர்களுக்கும் பட்ஜெரிகர் வளர்ப்பவர்களுக்கும் வருவது இது. 2025 ஆகஸ்டில் தாதர் கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடியபோது ஊரே இரண்டுபட்டது. மாட்டுங்காவில் நம் ஆட்களே இரு பக்கமும் நின்று வாதாடினார்கள். தெருவில் இருக்கும் புறா எச்சத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட ஒருவர் வீட்டில், படுக்கைக்கு மேலே ஆணியில் தொங்கும் கூண்டை நான் பார்த்தேன். தட்டில் ஒரு மாத மரத்தூள். சொன்னேன். நண்பர்தான், கோபித்துக் கொள்ளவில்லை.

தாராவிப் பக்கம் 225 சதுர அடி வீட்டில் ஆறு பேர் இருக்கிறார்கள். அதில் ஒரு பாட்டிக்கு இழுப்பு. மின்விசிறி கூண்டுக்கு நேர் மேலே சுற்றுகிறது. அந்த வீட்டில் மரத்தூளை மாற்றுவது எப்படி? தட்டைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டும், விளக்குமாற்றால் கூட்ட வேண்டும். ஒரு வாரத் தூசி முழுவதும் ஒரே நிமிஷத்தில் அறைக்குள் எழும். பேப்பரில் அந்தத் தொல்லை இல்லை. மின்விசிறியை நிறுத்துங்கள். தாளின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், நான்கு ஓரத்தையும் உள்பக்கமாக மடித்து அப்படியே பொட்டலமாக எடுத்துக் குப்பையில் போடுங்கள். தட்டை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதுத் தாள் விரியுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மொத்தம் ஐந்து நிமிஷம். காய்வதற்குக் காத்திருக்க முடியாதவர்கள் இரண்டு தட்டு வைத்துக் கொள்ளலாம். நாங்கள் எவர்சில்வரில் ஒன்று செய்து கொண்டோம்.

தட்டு மாறிய பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. பச்சைப் பறவை இருக்கிறது. துணைக்கு ஒரு மஞ்சள் வந்திருக்கிறது. பேத்தி பள்ளிக்குக் கிளம்புமுன் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்து விட்டுத்தான் மடிக்கிறாள். பரீட்சை நாட்களில் நான் பார்க்கிறேன். அன்றைய பங்குச் சந்தைப் பக்கத்தை மனைவி மடித்து வைத்திருப்பாள்.